போடியின் ஏலக்காயும் புட்டியின் எண்ணெயும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வருசநாட்டு மலைகள் ஒருபுறமும் ஏலமலைகள் மறுபுறமும் மதிலாக நிற்க, நடுவே முல்லையாறும் சுருளியாறும் பாய்கின்ற கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், 1895இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையையும், அதனால் விளைந்த இருபோக நெல்லையும், பன்னீர்த் திராட்சையையும் புகழ்ந்து அத்துடன் நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது. அப்புகழ்ச்சி தகும். ஆனால் அணையின் தண்ணீர் மலையைத் துளைத்துக் கீழே இறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, குமுளி, கம்பமெட்டு, சாக்குலூத்து மெட்டு, போடிமெட்டு என்னும் கணவாய்களின் வழியாக, பொதிமாட்டின் முதுகிலும் கூலியாளின் தலையிலும் ஏறி, வேறொரு சம்பத்து இப்பள்ளத்தாக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் ஏலக்காய். போடிநாயக்கனூரை இன்றைக்கும் ஏலக்காய் நகரம் என்றே சொல்கிறார்கள். சமவெளியிலுள்ள அவ்வூரின் வெயிலுக்கு ஓர் ஏலச்செடி உயிர்தரிக்காது என்பதும், அதன் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் மூட்டை அத்தனையும் மலைக்கு அப்பால் விளைந்தவை என்பதும் அப்பெயரைச் சற்றும் குறைத்துவிடவில்லை.

இந்த ஏலக்காயின் பரிமளத்துக்கு ஆரோக்கிய குணங்கள் பல உண்டென்று வைத்தியர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பாட்டிமார்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். இப்போது குமுளிக் கடைவீதியில் உல்லாசப் பயணிகளின் முன்னே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு புட்டிகளின் மேல் ஒட்டிய காகிதங்களும் சொல்கின்றன. ஏல எண்ணெய், புல்தைலம், யூகலிப்டஸ் தைலம் என்று அங்கே விற்கப்படும் வாசனை எண்ணெய்கள் தலைவலி முதல் மனக்கவலை வரைக்கும் எல்லாவற்றையும் தீர்ப்பதாகக் கேட்கும்போது, இவற்றில் எது பரிசோதனையில் தேறியது, எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயற்கை. அதற்கு ரசாயன சாஸ்திரத்தையும் வைத்திய சாஸ்திரத்தையும் புரட்டினால் மட்டும் போதாது. அந்த வாசனையை நம்பியே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலமலைகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உரியவை. அங்கே விளைந்த ஏலக்காய் சர்க்காரின் தனியுரிமைச் சரக்கு. பயிரிட்டவர்களிலே பெருந்தொகையினர் கம்பம், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களிலிருந்து பருவத்துக்குப் பருவம் மலையேறிய மதுரை ஜில்லாக்காரர்கள். ஆயினும் அவர்கள் பறித்துக் காயவைத்த காய் முழுவதையும் சர்க்காரிடம் ஒப்புவித்து, சர்க்கார் விதித்த பங்கையே கூலிபோலப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தன் கையால் வளர்த்த காய் கிழக்கே தன் வீட்டுக்கு இறங்காமல் மேற்கே ஆலப்புழைக்குப் போவதைக் கண்ட குடியானவன், இருட்டிய பிறகு ஒரு சிறு மூட்டையுடன் காட்டுத்தடத்தில் இறங்கினான் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கள்ளக் கடத்தலைத் தடுக்கவும் மலைகளை நிர்வகிக்கவுமே 1869இல் ஏலமலைகளுக்கென்று தனி அதிகாரம் ஏற்படுத்தப்பட்டது. அவ்வுத்தியோகத்தில் இருந்த ஜே. டி. மன்றோ என்பவரே பிற்பாடு 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கி மூணாற்றுத் தேயிலைக்கு அடிகோலியவர். ஏலக்காய்க்குக் காவல் போனவர் தேயிலைக்குக் காரணரானார் என்பது மலைச் சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. 1896இல் தனியுரிமை எடுபட்டு, நிலத்துக்குத் தீர்வை கட்டிவிட்டுக் காயை இஷ்டப்பட்டவரிடம் விற்கலாம் என்று ஆனபோது, கிழக்கே மிகக் கிட்டத்தில் இருந்த சந்தை போடியாகவே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஏலமலைக்குப் போவது என்றால் மலைக்காய்ச்சலுக்குத் துணிந்து போவது என்று பொருள். ஏலச்செடியின் நிழலிலே நாளெல்லாம் குனிந்து, அதன் வாசனையிலேயே உண்டு உறங்கி எழுந்த கூலிக்காரர்கள் குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கட்டிலோடு சுமந்து இறக்கப்பட்டார்கள். பலர் இறங்காமலே போனார்கள். அவர்களிலே பிழைத்தவர்களைக் காப்பாற்றியது கொய்னா மாத்திரை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அக்காய்ச்சலின் வேரை அறுத்தது டி.டி.டி. மருந்து. வாசனையைச் சுவாசிப்பதாலேயே நோய் அண்டாது என்று எழுதுகிறவர்கள், உலகத்தில் வேறெவரையும்விட அதிகமாக ஏலவாசனையைச் சுவாசித்த இந்த மனிதர்களின் கதையை ஒருமுறை கேட்டிருந்தால், பேனாவைச் சற்று நிதானமாகவே ஓட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மலைக்கு மேலே தேயிலையும் ஏலமும் பெருகியபின் கீழே போக்குவரத்தும் பெருகியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளமும் 1908இல் சிறுரயிலும் ஓடின. அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கிய தேயிலைப் பெட்டிகள், மாட்டுவண்டி ஏறிப் போடிக்கு வந்தன. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போன நான்கு வருஷங்களில், 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை வந்து சேர்ந்தது. அப்பாதை யுத்த காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு மீண்டும் போடப்பட்டதும், 2010ஆம் வருஷ முடிவில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு 2023இல் மறுபடி போடிக்கு ரயில் வந்ததும் தனியே எழுதத்தக்க கதை. இங்கே நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற கிளர்ச்சி ஓய்ந்து அவை கேரளத்தோடு சேர்ந்துவிட, தோட்டம் ஒரு மாநிலத்திலும், தோட்டத்துக்குப் போகும் கையும் காய் வந்து சேரும் சந்தையும் இன்னொரு மாநிலத்திலுமாக வாழ்வு பிரிந்தது. விடியுமுன்பே ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து மெட்டு ஏறிக் காய் பறித்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்பும் பெண்களுக்கு அந்த எல்லைக்கோடு தினந்தோறும் இருமுறை கடக்கும் ஒரு சோதனைச் சாவடி.

அவர்கள் பறித்த காய் ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்துக்குப் போகிறது. பச்சைக்காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். விறகு எரியும் குழாய்களின் சூட்டில், கதவடைத்த அறையில், சல்லடைத் தட்டுகளில் பரப்பிய காய் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்து வற்றுகிறது. வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டினால் பச்சை நிறம் வெளுக்கும், தோல் வெடிக்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்ததும் சூடாக இருக்கும்போதே தேய்த்துக் காம்பும் பூவிதழும் போக்கி, கீழே போடிக் கிடங்குக்கு வந்தால், அங்கே வட்டமாக உட்கார்ந்த பெண்கள் எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று சல்லடைக் கண்ணால் பருமனைப் பிரித்து, பிளந்ததையும் பூச்சியடித்ததையும் விரலால் ஒதுக்குகிறார்கள். ஏலம்விடும் கூடத்தில் வியாபாரியின் முன்னே ஒரு பிடி மாதிரிக்காய் வருகிறது. அவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். உள்ளங்கையில் குலுக்கி ஓசையைக் கேட்கிறார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு காயைப் பிளந்து, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்போடு கறுத்திருக்கும் விதைகளை மூக்கருகே கொண்டு போகிறார். விலையை விசைப்பலகையில் தட்டுவது 2007க்குப் பிறகு வந்த பழக்கம். 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாய்க்கு ஏறியதும் அந்த விசைப்பலகையில்தான். ஆனால் நகமும் மூக்கும் அதற்கு வெகுகாலம் முந்தியவை.

அந்த மூக்கு எதை அறிந்தது என்பதை ரசாயனிகள் மெதுவாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஏலக்காயைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்கும் வித்தையைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருந்தியலர் வலேரியஸ் கோர்டஸ் செய்து பார்த்தார். எண்ணெய்க்குள் இருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை வர முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1870இல் பிரெஞ்சுக்காரரான க்ளோயெஸ் யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஜெர்மனியில் ஓட்டோ வாலாக் இத்தகைய வாசனைப் பொருள்களின் குடும்பத்தையே வகைப்படுத்தி, வெவ்வேறு பெயரில் வழங்கிய பல எண்ணெய்களில் ஒரே பொருள்தான் இருக்கிறதென்று காட்டி, 1910இல் நோபல் பரிசு பெற்றார். சினியோல் என்னும் அப்பொருள் யூகலிப்டஸில் எப்படியோ அப்படியே ஏலக்காயிலும் பிரதானமானது. அதனோடு சமபங்காக நிற்பது ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட் என்ற இன்னொரு பொருள். போடிக்கு ரயில் வந்த அதே 1928இல், அமெரிக்க ரசாயனியான க்ளெவெஞ்சர் ஒரு மசாலாவில் எவ்வளவு வாசனை எண்ணெய் இருக்கிறதென்று அளந்து சொல்லும் கண்ணாடிக் கருவியை வெளியிட்டார். மசாலாச் சரக்கைச் சோதிக்கும் எந்தக் கூடத்திலும் அக்கருவியை இன்றும் காணலாம்.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் வி. எஸ். கோவிந்தராஜனும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, ஏலக்காயின் ரசாயனத்தையும் தரத்தையும் ஒருசேர எடை போட்ட நூல்களிலே முக்கியமானது. மலபார் வகைக்காயில் சினியோல் மிகுந்து கற்பூர வாடை தூக்கலாக நிற்பதும், மைசூர் வகைக்காயில் டெர்பினைல் அசிடேட் மிகுந்து இனிய பூவாசனை மேலோங்குவதும் இப்போது கருவிகளில் கோடு கோடாகத் தெரிகின்றன. வியாபாரியின் மூக்கு பிரித்ததும் இதைத்தான். அவர் ஏன் பிளவுபடாத தோலுக்கு அதிக விலை தருகிறார் என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது: எண்ணெய் முழுவதும் விதையில் இருக்கிறது, தோலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் தோலுரித்து வைத்த விதை மாதக்கணக்கில் வாசனையை இழந்துகொண்டே போக, முழுக்காய்க்குள் அது பத்திரமாக இருக்கிறது. தொழிலின் அனுபவத்துக்கு ரசாயனம் இவ்வாறு அநேகமாக முழுச் சம்மதம் தந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வைத்தியத்தின் சம்மதம் அவ்வளவு தாராளமாகக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஏலம் தனியே மருந்தாக நின்றதைவிடக் கூட்டத்தில் ஒன்றாக நின்றதே அதிகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே பெயராக அமைந்த ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு என்றால், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி என்று பங்கு படிப்படியாக ஏறி, சுக்கு ஆறு பங்காகிறது. பெயரில் முந்தி நிற்கும் ஏலம் எடையில் எல்லாவற்றுக்கும் பிந்தியது. ஆங்கில வைத்தியமும் ஏறக்குறைய இதே மரியாதையைத்தான் அதற்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் மருந்து நூலில் இடம்பெற்ற ஏலக்காய்க் கூட்டு டிங்சர், சீமைச்சோம்பும் பட்டையும் சாராயமும் சேர்ந்து, கொச்சினீல் பூச்சியின் சாயத்தால் சிவந்திருக்கும். வயிற்று உப்புசத்துக்குத் தரும் மிக்ஸர்களுக்கு அது ருசியும் நிறமும் கொடுத்து, வாயுவைக் கலைக்கவும் உதவியது. அந்த அளவுக்கு மேல் அதைப் பெரிய மருந்தென்று அந்நூல் உரிமை கொண்டாடவில்லை.

வாசனை எண்ணெய்களை ஒரு தனிச் சிகிச்சை முறையாகவே உயர்த்தியது அண்மைக்கால ஐரோப்பா. பிரெஞ்சு வாசனைத் தொழில் ரசாயனியான கட்டெஃபோஸே 1937இல் எழுதிய புத்தகத்தோடு அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. அதன்பின் எழுந்த உரிமைக் கோரிக்கைகளில் சிலவற்றையேனும் விஞ்ஞானிகள் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ஏலக்காய்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை ஜெர்மனியில் சினியோலை வைத்து நடந்த சோதனைகள். 2003இல் வெளியான ஒன்றில், ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமல் இருக்க முடியாத 32 ஆஸ்துமா நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம், வேளைக்கு 200 மில்லிகிராமாக நாளைக்கு மூன்று வேளை சினியோல் கொடுக்கப்பட்டது. சினியோல் உண்டவர்களுக்கு ஸ்டீராய்டின் தேவை 36 சதவீதம் குறைய, வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 7 சதவீதமே குறைந்தது. 2004இல் 152 பேரிடம் நடந்த சோதனையில் மூக்கடைப்போடு கூடிய சைனஸ் அழற்சிக்கும், 2009இல் 242 பேரிடம் நடந்த சோதனையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் திடீரென்று முற்றுவதைக் குறைப்பதற்கும் அது பயன்பட்டது. இவை உண்மையான சான்றுகள். இவற்றை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தச் சான்றுகளை எடுத்துப் புட்டியின் மேல் ஒட்டுகிறவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட மறந்துவிடுகிறார்கள். அச்சோதனைகளில் கொடுத்தது முகரும் வாசனை அன்று. சுத்தம் செய்து கூட்டில் அடைத்து விழுங்கிய சினியோல், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். ஒரு கிராம் ஏலக்காயில் விதை முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் எண்ணெய் நூற்றுக்கு ஏழு என்றும், எண்ணெயில் சினியோல் மூன்றில் ஒரு பங்கு என்றும் கொண்டால், கிடைப்பது பதினாறு, பதினேழு மில்லிகிராம். ஜெர்மானிய நோயாளியின் ஒரு நாள் மருந்துக்கு முப்பத்தைந்து கிராம், அதாவது நூற்றுக்கு மேற்பட்ட காய்களை மெல்ல வேண்டிவரும். தேநீரில் தட்டிப் போடும் இரண்டு காயின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமாகாது.

முகர்வதைப் பற்றிய சோதனைகளோ மங்கலாகவே இருக்கின்றன. 1983இல் பிரிட்டனில் கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் ஆகியவற்றின் ஆவியை முகரவைத்துப் பார்த்தபோது, மூக்குத் திறந்துகொண்டது என்று முகர்ந்தவர்கள் உணர்ந்தார்கள். கருவி அளந்த காற்றோட்டமோ முன்போலவே இருந்தது. அந்த உணர்ச்சி பொய் அல்ல, இரவில் தூங்க விடாமல் அடைத்த மூக்குக்கு அதுவே பெரிய ஆறுதல். என்றாலும் அடைப்பு நீங்கிவிட்டதென்று எண்ணுவது தவறு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் குமட்டல் கண்ட 301 பேரில் ஒரு பிரிவினருக்கு இஞ்சி, இருவகைப் புதினா, ஏலக்காய் ஆகிய எண்ணெய்களின் கலவையை முகரக் கொடுத்தார்கள். வெறும் உப்புநீரைவிட அது குமட்டலை நன்றாகத் தணித்தது. ஆனால் தனி இஞ்சி எண்ணெயும் தணித்தது. ஆகவே அந்தப் பெருமையில் ஏலக்காயின் பங்கு எவ்வளவு என்று யாரும் அறுதியிட முடியாது. 2018இல் இவ்வகைச் சோதனைகள் யாவற்றையும் திரட்டி ஆராய்ந்த கோக்ரேன் குழுவினர், சான்று வலுவற்றது என்றே தீர்ப்பளித்தார்கள். முழு ஏலக்காயை உண்ணுவது பற்றி 2009இல் உதயப்பூர் மருத்துவர்கள் எழுதியது நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது: நாளொன்றுக்கு மூன்று கிராம் ஏலப்பொடியை 12 வாரம் உண்ட 20 பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. உற்சாகமூட்டும் செய்திதான், ஆனால் இருபதே பேர், வெற்றுப்பொடி கொடுத்து ஒப்பிட வேறு குழு இல்லை, வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துவதற்கு அது எவ்விதத்திலும் ஆதாரமாகாது.

மலையின் மற்றொரு வாசனைச் செல்வமாகிய புல்தைலத்தின் கதையும் இதை ஒட்டியதே. மறையூர்ப் பக்கத்துச் சரிவுகளில் முதுவர் பழங்குடியினர் புல்லை அறுத்து, ஓடைக்கரையில் கொப்பரை ஏற்றி வடித்து எடுக்கும் அந்தத் தைலத்தை உடம்பில் தடவுவதால் விளையும் நன்மைகளைப் பற்றிப் பலவாறு சொல்வார்கள். ஆனால் மனித ஆரோக்கியத்துக்கு அது செய்த பேருபகாரம் வேறு வழியில் வந்தது: அதிலுள்ள சிட்ரால் என்ற பொருளை மூலமாகக் கொண்டுதான் தொழிற்சாலைகள் வைட்டமின் ஏ தயாரித்தன.

தீமையைப் பற்றிய சான்று நன்மையைப் பற்றியதைப் போல மங்கலாக இல்லை. யூகலிப்டஸ் தைலத்தைச் சில மில்லிலிட்டர் குடித்துவிட்ட குழந்தைகள் வலிப்பும் மயக்கமும் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுவது வைத்திய ஏடுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள், பெரியவர்களிடத்திலும் கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த தைலங்களுக்குப் பின் வலிப்பு வந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்குச் சளி என்றதும் நெஞ்சிலும் மூக்கிலும் தைலத்தை அப்பிவிடும் வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு சகஜம் என்பதை நினைத்தால், இதை அழுத்திச் சொல்வது மிகையாகாது.

இனி ஏலத்தின் மேல் விஞ்ஞானம் இன்று கேட்கும் கேள்வி முற்றிலும் வேறு திசையிலிருந்து வருகிறது. 1914ஐ ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் ஊன்றிய ஏலம் குவாட்டமாலாவில் தழைத்து, அந்நாடு உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிப்பதாகிவிட்டது. போட்டியில் பின்தங்காமலிருக்க நம் மலைக்காரர்கள் ஞள்ளானி முதலிய வீரிய ரகங்களை நட்டார்கள். அதிக விளைச்சலோடு நிழல் குறைந்தது, தண்டுதுளைப்பானும் இலைப்பேனும் பெருகின, மருந்தடிப்பும் பெருகியது. காப்பியில் ஏலம் போட்டுக் குடிக்கும் சவுதி அரேபியர்கள் பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டி நம் சரக்கைத் திருப்பிய பிறகு, 1987இல் ஏலக்காய் வாரியத்தையும் உட்கொண்டு பிறந்த நறுமணப் பொருள் வாரியத்தின் சோதனைக்கூடங்களுக்கு வேலை மிகுந்துவிட்டது. எட்டு எம்.எம். காய் எவ்வளவு எண்ணெய் உடையது, அந்த எண்ணெய் எந்த நோய்க்கு ஆகும் என்பதை ஏற்றுமதிக்காரரிடம் யாரும் முதலில் கேட்பதில்லை. மூட்டையோடு எச்சச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்றே கேட்கிறார்கள். நகத்தால் பிளந்து முகர்ந்து விலை சொல்லப் பழகிய போடி வியாபாரி, தன் மூக்குக்கு எட்டாத அந்த ஒரு விஷயத்துக்காகவே இப்போது மாதிரிக்காயைப் பொட்டலம் கட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை லாரியை நிறுத்தி வைக்கிறார்.